கனகாவின் இரண்டு போட்டோக்கள்

அம்சவல்லி கைபட்ட பொம்மையில் ஊசிமுனை அளவு குழிகூட இருக்காது. பீங்கான் கம்பெனியில் பதினைந்து வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. அச்சிலிருந்து எடுத்த, சுடாத பொம்மையின் முகத்தில் குழி தெரிந்தால் மண் கூழை ஒரு சொட்டுத் தொட்டு அடைப்பாள். ஈரப் பஞ்சால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் சூளைக்கு அனுப்புவாள். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். அம்மா போன பிறகு, தங்கை கனகாவை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தது அவள்தான். "எங்க கனகா எழுத்தப் பாத்திருக்கியா? அச்சடிச்சாப்ல இருக்கும்" என்று கம்பெனியில் அவள் சொல்லாத நாள் கிடையாது.

கனகாவின் கன்னம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. பதினாறு வயதில் வந்த பரு இருபதில்தான் அடங்கியது. அடங்கும்போது கறுப்புத் தழும்பும் சின்னச் சின்னக் குழியுமாக விட்டுப் போயிருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அறுப்பு முடிந்து தையில் நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். ஸ்டுடியோக்காரர் மாணிக்கவேல் நெகட்டிவில் பென்சில் வைத்து ஒவ்வொரு குழியாக மறைத்தார். படத்தைக் கனகா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருக்கா இது? நமக்குச் சொந்தமா?"

"வாய மூடுடி. தைக்குள்ள நீ இப்படி ஆயிடுவ."

அன்றிலிருந்து வீடு வைத்தியசாலை ஆனது. வேலைக்குப் போகுமுன் ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் பூசுவாள். சாப்பாட்டு மணிக்கு ஓடி வந்து எலுமிச்சஞ்சாறு தடவுவாள். சாயங்காலம் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும். எதை எத்தனை நாள் போட்டோம் என்று காலண்டரில் புள்ளி வைத்தாள். கனகா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள். கார்த்திகையும் முடிந்தது. தேய்த்த இடமெல்லாம் இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

"உன் கைக்கு அடங்காத குழியா வள்ளி?" என்றாள் கம்பெனியில் பக்கத்துப் பலகையில் வேலை செய்யும் சொர்ணாம்பாள். "தங்கச்சியக் கொண்டாந்து பொம்மயோட உக்கார வையேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்சவல்லி சிரிக்கவில்லை. சாயங்காலம் சின்ன டப்பாவில் மண் கூழ் எடுத்துப் போனாள். குழி குழியாகப் பார்த்துப் பூசிக் காயவிட்டாள்.

"எரியுதுக்கா."

"எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

கழுவியபோது கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. கூழ் இளகுவதற்குச் சிலிகேட் என்ற காரத்தை ஊற்றுவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதிலேயே ஊறித் தடித்த கைக்கு அந்த எரிச்சல் தெரிந்ததே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இது முகமா, செவுரா? கறுப்பு தானா மங்கும், வருஷம் ஆகும். வெயில் படாம பாத்துக்க. பரு வந்தா கிள்ளக் கூடாது. தேய்க்கறத மொதல்ல நிறுத்து."

"குழிங்கம்மா?"

"அது ரொம்பாது. மெட்ராஸ்ல மெஷின் வெச்சுத் தோல ராவறாங்க. நம்ம நெறத்துக்கு அது திட்டுத் திட்டாவும் போயிடலாம். நான் போகச் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கனகா மெதுவாகச் சொன்னாள்: "போட்டோல இருக்கறவளத்தானே அவங்களுக்குப் புடிச்சிருக்குது. அவளயே கட்டிக் குடுத்துடேன்க்கா. எனக்கு முடியல."

அம்சவல்லிக்கும் முடியவில்லை. இரண்டு மாசத்துக் களைப்பு மொத்தமாக இடுப்பில் வந்து இறங்கியதுபோல இருந்தது.

காயம் ஆறியதும், மார்கழிக் கடைசியில், தங்கையை மறுபடி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாள். இந்தத் தடவை பென்சில் வைக்கக் கூடாது என்றாள்.

"இத வெளிய காட்டினா என் பேரு என்னாவறது?" என்றார் மாணிக்கவேல்.

"பின்னால உங்க சீலு குத்தாதீங்க, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் போட்டோவோடு கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் முன்னால் வைத்தாள்.

"அத்தை, மொதல்ல குடுத்தது ஸ்டுடியோக்காரர் கைவேலை. இதான் எங்க கனகா. எழுத்து அச்சடிச்சாப்ல இருக்கும்."

ராஜம்மாள் உள்ளே போய்ப் பழைய படத்தை எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காப்பி கொடுத்தார். இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

"சொல்லியனுப்பறோம்மா."

தை போயிற்று. மாசியும் போயிற்று. யாரும் வரவில்லை. அம்சவல்லி ஜாதிக்காயை எடுத்து உரைக்கவும் இல்லை.

ஆனியில் கனகாவுக்கு மங்கலம்பேட்டைப் பள்ளியொன்றில் வேலை கிடைத்தது. கறுப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. குழிகள் அப்படியேதான் இருந்தன. முதல் நாள் பஸ் ஏற்றிவிட அக்காவும் கூட நடந்தாள். ஸ்டுடியோ கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த முதல் போட்டோ, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கனகா நின்று பார்த்தாள்.

"பாவம்க்கா. இவளுக்கும் இன்னும் அமையல போல."

அம்சவல்லிக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. குடையை விரித்து, தங்கையின் கன்னத்துப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.