திரும்பிப் போனவர்கள்

நெடுஞ்சாலை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதியவருக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். டீ ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டார். ஊற்றிப் பதினோரு நிமிஷம் ஆகிறது என்பார். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, அப்படிக் கேலி செய்யக்கூட ஆள் இல்லை.

அவர் வீட்டுக்கு நேரெதிரே அக்கா வீடு. நடுவில் சாலை. அது ஆறு வழிச் சாலையானதிலிருந்து, மூட்டுவலிக்கார அக்காவும் இடுப்பில் கம்பி வைத்த தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்றுபோனார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள்.

சாலைப் பாதுகாப்புக்கு அரசு ஒதுக்கும் நிதியில் அங்கே ஒரு சிக்னல் கேட்கலாம் என்றார் இளநிலைப் பொறியாளர். ஒரே நிபந்தனை, மாலை நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் நூறு பேராவது சாலையைக் கடக்க வேண்டும். ஏழு நாள் எண்ணுவதற்கு மில்லிமீட்டரையே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் நாற்பதைத் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் பொறியாளர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கொஞ்சம் கூட்டிப் போடுங்க சார். யாரு வந்து எண்ணிப் பார்க்கப்போறா?"

"நான் எண்ணியிருக்கேனே, தம்பி."

பொறியாளர் போனதும் போன் அடித்தது. எதிர் ஓரத்தில் அக்கா, கையில் பையோடு.

"என்னை எழுதினியாடா?"

"நீ கடக்கலையே, அக்கா."

"அஞ்சு நாளா வர்றேன், நிக்கிறேன், திரும்பிப் போறேன். பயந்தவங்க எல்லாம் உன் கணக்குல ஆளே இல்லையா?"

அக்கா திரும்பி நடந்தாள். இரண்டு லாரிகள் மறைத்து விலகியபோது ஓரம் காலியாக இருந்தது.

அரசாங்கப் படிவத்தில் அதுவரை அவர் ஒரு புள்ளி கூடுதலாக வைத்ததில்லை. அன்று சட்டைப்பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்: 'கடக்க வந்து திரும்பியவர்கள்'. ஆறாம் நாள் கடந்தவர்கள் முப்பத்தொன்பது, திரும்பியவர்கள் அறுபத்தேழு. ஏழாம் நாள் நாற்பது, எழுபத்திரண்டு.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. திரும்பியவர்களைச் சேர்க்க விதியில் இடமில்லை; இவ்வாண்டு நிதி இல்லை. அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்தக் கட்டம் இடம்பெறும். மறுபடி ஏழு நாள் எண்ணி விண்ணப்பிக்கவும். அதைப் போனில் ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினார். என் முழங்காலிடமும் ஒரு வருஷம் அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் அக்கா.

அடுத்த ஆண்டு அதே நாற்காலி. புதுப் படிவத்தில் அவர் கட்டம் அச்சாகியிருந்தது. நாலே முக்காலுக்கு அக்கா கைத்தடியோடு வந்தாள், நின்றாள், திரும்பினாள். ஒரு கோடு போட்டார்.

ஐந்து இருபத்தேழுக்கு அவரும் எழுந்தார். ஓரம்வரை போனார். ஒரு காலைக் கீழே இறக்கினார். வண்டிகள் விடவில்லை. காலை மேலே இழுத்துக்கொண்டு, வந்த வழியே வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

"ஜன்னல்லேருந்து பார்த்துட்டுத்தான்டா இருந்தேன். எழுதினியா?"

"இப்பத்தான் எழுதுறேன், அக்கா."