குட்டிக் காரை இழுத்த கொண்டி

1. மேட்டில் நடந்தது

லாரி இழுத்து வந்த குட்டிக் கார் கழன்று பின்னால் உருண்டபோது நான் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து, சர்வே துரையிடம் என் சாமர்த்தியத்தை இங்கிலீஷில் அளந்துகொண்டிருந்தேன். பிரோம் ரோட்டில், மிங்கலாடோனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு. பாதி ஏறியதும் லாரி சட்டென்று இலேசாயிற்று. என்ஜின் நன்றாக இழுக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

லாரியின் பின்படியில் நின்று வந்த வீராசாமி கத்தினான். "நிறுத்துங்க! கார் போவுது!"

டிரைவர் கோ பா பிரேக்கை மிதித்தார். நான் குதித்து ஓடினேன். அதற்குள் வீராசாமி, ஆளில்லாமல் பின்னோக்கிப் போகிற குட்டிக் காரோடு ஓடி, ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கக் கையை உள்ளே நீட்டியிருந்தான். காரின் மூக்கு திரும்பியது. மதகுச் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவன் வலது கால்.

2. கயிறு போய்க் கொண்டி வந்தது

எங்கள் வொர்க்‌ஷாப் நாங்கள் கப்பலேறிப் பிழைக்க வந்த பட்டணத்தில், லத்தா என்ற பேட்டையில் இருந்தது. வண்டி கெட்டு நின்றால் கயிறு கட்டி இழுத்து வருவோம். பின் வண்டியில் ஓர் ஆள் உட்கார்ந்து ஸ்டியரிங்கும் பிரேக்கும் பார்க்க வேண்டும். அந்த ஆள் வீராசாமி. முன் வண்டியின் புகையும் செம்மண்ணும் முழுக்க அவன் முகத்தில்தான். வந்து இறங்கினால் கண் இரண்டும் பல்லும்தான் தெரியும்.

"இன்னிக்கு என்ன, பவுடர் ஜாஸ்தி?" என்பேன்.

"நீ வந்து ஒக்காரு மெட்ரிக்கு, ஒனக்கும் பூசிவிடறேன்" என்பான். நான் மெட்ரிக் பாஸ் செய்தவன் என்பதால் அவன் வைத்த பெயர் அது.

நிலம் அளக்கும் சர்வே துரை ஒரு லாரியையே வீடாகக் கட்டச் சொன்னார். கட்டில், மேஜை, முகம் கழுவத் தொட்டி, எல்லாம் உள்ளே. மழை விட்டதும் அதில் குடியிருந்துகொண்டே ஜில்லா ஜில்லாவாகப் போவார். லாரி நுழையாத சந்துகளுக்குப் போக, இரண்டு பேர் உட்காரும் குட்டிக் கார் ஒன்று பின்னாலேயே வர வேண்டும். நாள் முழுக்க அதில் உட்கார ஆளுக்கு எங்கே போவது?

மோட்டார் பத்திரிகைகளைப் புரட்டி, வி வடிவத்தில் ஓர் இரும்புக் கொண்டி வரைந்தேன். அதன் இரண்டு கால்களும் காரின் முன் அச்சில். மூக்கு லாரியின் பின்சட்டத்தில். மேலிருந்து ஒரு தடித்த பின்னை இறக்கி, அது எகிறாமல் இருக்க அடியில் ஸ்ப்ளிட் பின் என்கிற சின்னக் கம்பியைக் கோத்து வளைத்துவிட்டால் போதும். காரை நியூட்ரலில் விட்டு, ஸ்டியரிங்கைக் கட்டாமல் விட்டால், கன்றுக்குட்டி மாதிரி தானே திரும்பி வரும். என் வேலை என்ற பெருமையில் மாட்டுவது கழற்றுவது எதையும் வேறு யாரையும் தொட விடவில்லை.

வீராசாமி ஒரு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதையும் ஒரு சுத்து சுத்திரு. கொண்டி கைய விட்டாலும் இது விடாது."

"சங்கிலி கட்டினா அப்புறம் என் கொண்டிக்கு என்ன மரியாதை?" என்றேன்.

"மரியாதையாம்! சரிங்க துரை" என்று ஆணியில் மாட்டிவிட்டான்.

3. பூஜைத் தட்டு

புறப்படும் நாளன்று ஆயுத பூஜை. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் படத்துக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு இருந்தன. புதிதாகச் செய்ததையும் வைக்க வேண்டும் என்றார் முதலாளி. மாட்டியிருந்த பின்னைக் கழற்றி, ஸ்ப்ளிட் பின்னோடு தட்டில் வைத்தேன். சாமந்திப் பூவை அள்ளிப் போட்டார்கள்.

தீபாராதனை முடிவதற்குள் துரை வந்துவிட்டார். முதலாளி என்னைத்தான் பார்த்தார். "நீ போய்ப் பேசுப்பா, எனக்கு நாலு வார்த்தைக்கு மேல வராது."

கழற்றியவனே மாட்ட வேண்டும் என்பது வொர்க்‌ஷாப் வழக்கம். பேசுகிற அவசரத்தில் பெரிய பின்னை மட்டும் எடுத்து வீராசாமி கையில் கொடுத்தேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டான்.

"அவ்வளவுதான்" என்றேன்.

4. ஆஸ்பத்திரி

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போனபோது விழித்திருந்தான்.

"என் கைப்பிழைதான் மெட்ரிக்கு. இன்னும் ரெண்டு தட்டு தட்டி எறக்கியிருக்கணும். மொதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். ஒன் கொண்டி மேல தப்பில்ல."

என் சட்டைப் பையில் அந்த ஸ்ப்ளிட் பின் இருந்தது. காலையில்தான் காய்ந்த சாமந்திக்கு அடியிலிருந்து எடுத்திருந்தேன். வாயைத் திறந்தேன், ஆரஞ்சு உரிக்கட்டுமா என்று கேட்டேன். உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் தாங்கினேன். நான்காம் நாள் முதலாளியிடம் முதலில் சொன்னேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த ஸ்ப்ளிட் பின்னை அவன் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நீளம்கூட இல்லாத கம்பி. புரட்டிப் பார்த்தான்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டே."

"அவ்வளவுதான்னு சொன்னே."

"சொன்னேன்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். "அப்ப நான் சரியாத்தான் மாட்டினேன்" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. கம்பியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் ஊருக்குக் கப்பல் ஏறிய அன்று அவன் மூட்டையைத் தூக்கிப் போனேன். வாங்கிக்கொண்டான். மெட்ரிக்கு என்று கூப்பிடவில்லை.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

கொண்டி மாட்டினாலும் சங்கிலியையும் கட்டுங்கள். கழற்றியவனே மாட்டட்டும்; நடுவில் துரை கூப்பிட்டால் துரை காத்திருக்கட்டும். ஒரு பர்லாங் போனதும் நிறுத்தி, இறங்கி, ஒவ்வொன்றாகப் பாருங்கள். பூஜைக்கு வைத்த தட்டில் பூவை விலக்கிப் பாருங்கள்.

அதே கொண்டிதான் இன்னும் ஓடுகிறது, சங்கிலியோடு. மாட்டி முடித்ததும் யாராவது "அவ்வளவுதானா?" என்று கேட்டால் நான் வாயால் பதில் சொல்வதில்லை. லாரிக்கு அடியில் படுத்து, அந்தச் சின்னக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.