ராணி போகாத லீவு

நெடுங்கேணிச் சந்தையில் கத்தரிக்காய் பார்த்து எடுத்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. ராணியின் தங்கை. "அக்கா, ராணியக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்றாள். மூன்றே நாள் காய்ச்சலாம். கத்தரிக்காயைப் பையில் போட்டேனா, அங்கேயே வைத்துவிட்டு வந்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

வட்டக்கச்சியில் செத்தவீடு. ராணியின் அம்மா கதிரையில் இருந்தபடி, வருகிற ஆட்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தா. "இவளின்ர ஐயா கடைசியில வாசலைப் பார்த்தபடி கிடந்தவர். இவள் அங்க காவலரணில முற்றம் கூட்டி லீவைத் துலைச்சவள். அந்த மனுசனின்ர முகத்தைக் காணாமல் விட்டிட்டாள்." நான் பக்கத்தில் இருந்து அவாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ராணியைப் பற்றி எழுதித் தரும்படி தங்கை கேட்டாள். "நீங்கள்தானே அக்காவோட ஒண்டா இருந்தனீங்கள்." ஓம், இருந்தனான். அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தகாலத்தில் இயக்கத்தின் காவலரண் ஒன்றில் நாங்கள் மூன்று பேர். ராணி, முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்து மேரி, நான். கேட்கிறவர்கள் எல்லோரும் சண்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் நாட்களில் பெரும்பகுதி வெறும் காத்திருப்பு. இரண்டு மணித்தியாலம் காவல், பிறகு மண்மூட்டை அடுக்கல், நாலு நாளுக்கு ஒருமுறை கிணற்றடி. உழவு இயந்திரத்தில் பருப்பும் சோறும் வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும். தேநீரோடு கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி கிடைத்தால் அன்றைக்கு எங்களுக்குப் பெருநாள்.

ராணிக்கு விடிந்ததும் கை சும்மா இராது. குழைகளை முறித்துக் கட்டி விளக்குமாறு ஒன்று செய்து வைத்திருந்தாள். காவலரணுக்கு முன்னால் உள்ள அந்தப் பாய் அகல நிலத்தை வீட்டு முற்றம்போலக் கூட்டிவிடுவாள். "என்ன, சம்பந்தம் பேச மாப்பிளை வீட்டுக்காரர் வருகினமோ?" என்று மேரி சீண்டுவாள். "ஆர் வந்தால் என்ன, வராட்டில் என்ன? குப்பைக்குள்ள இருந்து என்னால தேத்தண்ணி குடிக்கேலாது" என்பாள் ராணி.

ஒருநாள் எங்கள் பொறுப்பாளர் அக்கா அதைக் கண்டுவிட்டா. வந்தது பாருங்கள் கோபம்! "சருகு கிடந்தால் காடு. கூட்டி வைச்சால் வீடு. இஞ்ச ஆக்கள் இருக்கிறம் எண்டு மேல பறக்கிற வண்டுக்குக் காட்டிக் குடுக்கிறீங்களோ?" வண்டு என்று நாங்கள் சொல்வது வேவு விமானத்தை. இனிக் கூட்டினால் லீவு இல்லை என்றும் சொன்னா. ராணி அன்றே விளக்குமாற்றைப் பதுங்குகுழிக்குள் செருகினாள்.

அந்த லீவுக்காக அவள் ஒரு வருசம் காத்திருந்தவள். பின்னேரமானால் அவள் கதையில் எங்களுக்குக் காவல் அவள் வீட்டில்தான். "இப்ப வாய்க்காலில தண்ணி விட்டிருப்பாங்கள். ஐயா மண்வெட்டியோட வரம்பில நிப்பார். தங்கச்சி மாட்டைக் கட்ட மறந்திருப்பாள்." மேரி சிரிப்பாள்: "எடியே, உன்ர வீட்டில என்ன கறி எண்டதையும் சொல்லன்!" அதையும் சொல்லுவாள். பொங்கல் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். நெல் அரிவு வெட்டுக்கு மகள் வந்து நிற்பாள் என்று ஐயாவுக்குக் கடிதமும் போயிருந்தது. அவளுக்கு அடுத்து லீவு முறை என்னுடையது. என் அம்மா பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தா.

பொங்கல் அன்று விடியற்காவல் எனக்கு. மற்ற இருவரும் நித்திரை. வெளிச்சம் வர வர, முன்னால் கிடந்த சருகையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கலும் அதுவுமாக இப்படி ஒரு முற்றமா? அம்மா எழுந்து நடந்த காலத்தில் விட்டிருப்பாவா? விசர்தான், வேறென்ன. ராணியின் விளக்குமாற்றை இழுத்தெடுத்துக் கூட்டினேன். தேநீருக்கு வைத்திருந்த தண்ணீரில் ஒரு கை அள்ளித் தெளித்தும் விட்டேன். மண்வாசம் வந்தது. அழுதேன்.

பத்து மணிக்கு வண்டு வந்து சுற்றியது. மதியம் எறிகணை. காவலரணின் ஒரு மூலை சரிந்து மேரியின் கை முறிந்தது. உயிர் போகாதது கடவுள் புண்ணியம். பொறுப்பாளர் அக்கா வந்து நின்று நிலத்தைப் பார்த்தா. "ஆர் கூட்டினது?" ஊரெல்லாம் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நான்தான் அக்கா" என்றாள் ராணி. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுடைய லீவு போயிற்று. மாசியில் நான் வீட்டுக்குப் போனேன். பங்குனியில் ராணியின் ஐயா மாரடைப்பில் காலமானார். செய்தி எங்களிடம் வந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது.

யுத்தம் முடிந்து, முகாமும் முடிந்து, ஆளாளுக்கு வீடு திரும்பிய பிறகு ஒருமுறை அவளிடம் கேட்டேவிட்டேன். "ஏனடி அப்பிடிச் சொன்னனீ?" அவள் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "உன்ர அம்மா படுக்கையில. என்ர ஐயா நல்லா நடந்து திரிஞ்சவர். பிந்திப் போகலாம் எண்டு நினைச்சன். பிழைச்சுப் போச்சு." அவள் அம்மாவுக்கு உண்மையைச் சொல்லுவோம் என்றேன். "சொன்னால் பிறகு நீ இந்த வீட்டுக்கு என்னெண்டு வருவாய்? விடு. தேத்தண்ணி ஆறுது" என்றாள். நானும் விட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அந்த அம்மா அவித்த புட்டை எத்தனை முறை வெட்கமில்லாமல் தின்றிருக்கிறேன்.

ராணியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மாசி மாத லீவு. ஏழு நாள். அம்மாவின் தலையை மடியில் வைத்துக் கரண்டியால் கஞ்சி பருக்கினேன். ஏழாம் நாள் அவா என் பெயரைத் தெளிவாகச் சொன்னா. அதன் பிறகு நானும் அம்மாவை உயிரோடு காணவில்லை. அந்த ஏழு நாளை என்னால் திருப்பித் தர முடியாது.

தங்கச்சி, இந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து உரத்து வாசியுங்கோ. அம்மா, அன்றைக்கு முற்றம் கூட்டியது உங்கள் மகள் இல்லை. நான், வசந்தி.