லிஃப்டில் முறியடித்த சாதனை

ஜவுளிக்கடையில் சாயம் போனால் துணியைத் திட்டுவார்கள். ஓடுகிறவர்கள் கையில் கட்டும் ஓட்டக் கடிகாரம் விற்கும் கடையில், அவர்களுக்கு மூச்சு வாங்கினாலும் என்னைத்தான் திட்டுவார்கள். மிக்ஸி, மொபைல், தண்ணீர் மோட்டார் என்று எதையாவது விற்று ஏச்சு வாங்கும் சகோதர சகோதரிகளே, நீங்கள் தனியாக இல்லை. திருவனந்தபுரத்தில் நானும் இருக்கிறேன். பெயர் ஜெபராஜ், சொந்த ஊர் பாறசாலை.

பன்னிரண்டாம் மாடி வேகம்

ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறோம் என்பதை இந்தக் கடிகாரம் ஓடும்போதே காட்டும். ஓடுகிறவர்கள் அதை ‘பேஸ்’ என்பார்கள். என் தொழிலில் முக்கால்வாசிச் சண்டை அந்த ஒரு எண்ணால்தான்.

கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மார்ட்டின் ஒருநாள் வந்தார். “ஒருநாளைக்கு ஒரு மாதிரி காட்டுது, செக் பண்ணணும்” என்றார். பார்த்தேன். முதல் கிலோமீட்டரை அவர் உலக சாம்பியனைவிட வேகமாக ஓடியிருந்தார்! விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மனிதர் பன்னிரண்டாம் மாடியில் லிஃப்டுக்குள் நுழைந்ததுமே கடிகாரத்தின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிடுகிறார். கடிகாரம் பாவம், வானத்தையே பார்க்காமல் எங்கே நிற்கிறோம் என்று அலைந்துவிட்டு, கீழே வந்ததும் ஒரே தாவலாகத் தாவுகிறது. வெளியே வந்து, ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று அது சொன்ன பிறகு அழுத்துங்கள் என்றேன். பழைய கணக்கைச் சரி செய்து தரட்டுமா என்றும் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

“ஐயோ, அது வேண்டாம் அண்ணா! ஆபீஸ் குரூப்பில எல்லாருக்கும் அனுப்பியாச்சு!”

கவடியார் மரங்கள்

கோமதி கரமனைக்காரி, வங்கியில் வேலை. அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. முதல் தடவை மயிரிழையில் தவறியது. அடுத்த தடவை இன்னும் மோசம். கடிகாரத்தை என் மேஜையில் டக்கென்று வைத்தாள்.

கவடியார் சாலையில் மரங்கள் மேலே கூரைபோல மூடியிருக்கும். அங்கே சிக்னல் தடுமாறி, அவள் ஒரே சீராக ஓடினாலும் வேகம் குறைந்துவிட்டதாகக் கடிகாரம் காட்டும். உடனே இவள் தலைதெறிக்க ஓடுவாள். கடிகாரத்துக்கு விஷயம் புரிய சில நொடி ஆகும். புரிந்ததும் ரொம்ப வேகம் என்று காட்டும், இவள் மெதுவாவாள். இப்படி ஓடினால் கால் என்ன ஆகும்? கடைசி மூன்று கிலோமீட்டரில் நடக்கத்தான் முடிந்தது.

“நான் நன்னாத்தான் ஓடிண்டிருக்கேன், பக்ஷே இது என்னை நம்பறதே இல்ல. வரப்போற பந்தயத்துலயும் ஆகலேன்னா ஓட்டத்தையே விட்டுடறேன், கேட்டேளா!”

இரண்டு கையிலும் கடிகாரம்

அதைக் கேட்டு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கடையில் கடிகாரம் வாங்கிய ஒருத்தி அந்தக் கடிகாரத்தாலேயே ஓட்டத்தை விடுவதா?

மறுநாள் காலை ஒரு கையில் அவளுடைய கடிகாரம், மறு கையில் கடைக் கடிகாரம். இரண்டையும் கட்டிக்கொண்டு அவளோடு ஓடினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கவடியார் மரத்தடியில் ஒன்று கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்றது, இன்னொன்று ஏழு என்றது. சங்குமுகம் கடற்கரைச் சாலையில், திறந்த வானத்தின் கீழ், இரண்டும் சமத்தாக ஒன்றையே சொல்லின. ஆனால் ஒரு முழுக் கிலோமீட்டர் முடிந்ததும் காட்டும் சராசரியில், மரத்தடியிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நொடிக்கு நொடி சொல்வதில்தான் குளறுபடி.

கடைக்கு வந்து, அந்த நொடிக் கணக்கைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். கிலோமீட்டர் சராசரி மட்டும் தெரியும். “அதுவும் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். நடுவில் மூச்சைக் கவனி” என்று கோமதியிடம் சொன்னேன். கடை முதலாளி ஷாஜி சேட்டன் தலையில் கை வைத்தார்.

“எடா ஜெபா, வாட்ச் விக்கற கடையில நின்னுட்டு வாட்சப் பாக்கண்டான்னு சொல்ற ஆளு இந்த ஊர்ல நீ மாத்ரம்தான்!”

மஞ்சள் தொப்பி

பந்தயத்தன்று முடிவுக்கோட்டில் நின்றேன். பெரிய கடிகாரம் இரண்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கோமதியைக் காணோம்.

கடைசி வளைவில் அவளுடைய மஞ்சள் தொப்பி தெரிந்தது. தலை நிமிர்ந்து, கை அதன்பாட்டுக்கு வீசி, ஒரே சீராக வந்தாள். கோட்டைத் தாண்டியபோது இரண்டு மணி ஆகியிருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்? அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“எத்தனை ஆச்சுன்னு சொல்லுங்கோ அண்ணா, நான் பாக்கவே இல்ல!”

ஆட்டோ ஓடிய ஓட்டம்

திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். சந்தோஷத்தில் கடிகாரத்தை நிறுத்த மறந்து, அப்படியே ஆட்டோவில் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆட்டோவின் வேகமும் அவள் கணக்கில் ஏறி, மார்ட்டினுடைய சாதனையெல்லாம் தூசாகிவிட்டது.

“ஆட்டோ ஓடினதை வெட்டி எடுத்துடுங்கோ அண்ணா. நான் ஓடினது மட்டும் எனக்குப் போறும்!”

பொய்ச் சாதனையை வைத்துக்கொண்டவரும் வெட்டச் சொன்னவளும் என் கடையில் வாங்கியது ஒரே மாடல்தான் என்பதால், இனி கடிகாரத்தை மட்டும் யாரும் என்னிடம் குறை சொல்ல வேண்டாம்.