மச்சினன் பெயரில் என் எச்சில்

என் மச்சினனுக்கு மின் அலுவலகத்தில் வைத்த பெயர் 'உத்தேசம்'. வீடு வீடாகப் போய் மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்து வருவதுதான் அவன் வேலை. மூன்றாவது மாடி என்றாலோ, வாசலில் நாய் படுத்திருந்தாலோ, கீழே நின்றபடியே ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவான். இருபது வருடமாக இந்தப் பிழைப்பு. கூச்சநாச்சம் கிடையாது.

அந்தப் புண்ணியவானுக்கு நாற்பத்தொரு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டும் ஆசை வந்தது. முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். ஏழெட்டு இடத்தில் பெண் பார்த்தும் அமையவில்லை. கடைசியாக ஒரு தையல் டீச்சர், பயிற்சிக்கு வெளியூர் போகிறேன், ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினாள். அதற்குள் பல் உள்ளே போயாக வேண்டும். ஆறு மாதத்தில் ஆகிற காரியமா இது என்று டாக்டர் கேட்டது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஈறு ஏற்கெனவே பலவீனம். அதனால் மாதாமாதம் வெறும் வயிற்றில், தானாக ஊறும் எச்சிலைச் சின்னக் குழாயில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஈறு வீங்குவதற்கு முன்பே எச்சிலில் சில பொருள்கள் கூடிவிடுமாம். கூடினால் கம்பியை இறுக்கமாட்டார். முதல் மாதமே கூடியிருந்தது. கம்பியைச் சுற்றி நன்றாகத் தேய்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தேய்ப்பதாவது! வலிக்கிற இடத்தை நம்மாள் சுற்றிக்கொண்டு போய்விடுவான்.

அடுத்த மாதம் காலையில் குழாயும் கையுமாக என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, கொஞ்சம் எச்சில் குடுங்க."

"எதுக்கு மாப்ள?"

"உங்க ஈறு நல்லா இருக்குல்ல. ரிசல்ட் சுத்தமா வரும், டாக்டர் இறுக்கிடுவாரு."

எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன் என்று என்னை ஊரெல்லாம் சொல்கிறவள் என் மனைவி. "தம்பிக்கு இதையாவது குடுங்க," என்றாள். குனிந்து ஒழுகவிட்டேன்.

ரிசல்ட் பிரமாதம். டாக்டரும் தாளைத்தான் பார்த்தார், வாயைப் பார்க்கவில்லை. இறுக்கினார். நாலு மாதம் இதே கூத்து. என் எச்சிலில் ஒரு கல்யாணம் நடக்கப்போகிறது என்று என் ஆபீசில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இடையில் அவன் தலையணையில் ரத்தம் என்றான், பல் ஆடுகிறது என்றான். "உள்ள போற பல்லு ஆடத்தானே செய்யும்," என்று நானே டாக்டரானேன்.

டீச்சர் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பன்னைக் கடித்தான். வெறும் பன். ஒரு முன்பல் அதோடு வந்துவிட்டது.

அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அன்றைக்குத்தான் வாயை ஒழுங்காகப் பார்த்தார். பிறகு ரிசல்ட் தாள்களைப் புரட்டினார்.

"இந்த எச்சில் யாரோடது?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"யாரா இருந்தாலும் அவருக்கு ஈறு நல்லா இருக்கு," என்றவர் கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்.

வெளியே வந்ததும் அவனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கலாம் என்றிருந்தேன். அவன் வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு முந்திக்கொண்டான்.

"ரத்தம் வருதுன்னு உங்ககிட்ட மட்டும்தான் மாமா சொன்னேன். அப்புறமும் சிரிச்சுக்கிட்டேதான் எச்சில் குடுத்தீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது.

"டீச்சர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க," என்றான். "ஆபீஸ்ல எல்லாருக்கும் சொன்னீங்களாமே, அதே மாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."