அந்தோணிராஜும் டச்சு பயனெட்டும்

கத்தியை முதலில் முகர்ந்து பார்ப்பார் அந்தோணிராஜ். பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பழைய பனியனால் பிடிக்குக் கீழே தேய்த்து, பூதக்கண்ணாடியை வைப்பார். ஹெம்புருக் என்ற டச்சு ஆயுத ஆலையின் பெயர் மங்கலாகவாவது தெரிந்தால்தான் மனிதருக்கு மூச்சு வரும்.

கத்தி என்றால் துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனெட். அதிலும் டச்சு சிப்பாய்கள் மாட்டியது மட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு ஒல்லாந்துக்காரன் மேல் ஏன் இந்தப் பாசம் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான். பீரோ முழுக்க பயனெட்; மனைவி ரோஸியின் புடவைகள் கட்டிலுக்கு அடியில். டச்சுக்காரர்கள் கட்டிய பழவேற்காட்டுக் கோட்டையில் தோண்டியெடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால் சீறுவார். “கோட்டை இருந்த காலத்துல இத்த மாட்ற துப்பாக்கியே பொறக்கல மாமே. உன்ன நல்லா ஏமாத்திகீறானுங்க.”

மகள் ஷைலாவுக்காகப் பாடியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோதும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. ஷோகேஸில் இருந்த பூர்விகப் போர்வாள் வெறும் நாடகக் கம்பெனித் தகடு என்று காபி வருவதற்குள் சொல்லிவிட்டார். காபி வரவேயில்லை. சம்பந்தமும் போயிற்று.

அடுத்தது நசரத்பேட்டை இடம். பையனை ஷைலாவுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று காலையில் ரோஸி அவர் கையைப் பிடித்து மாதா படத்தின் மேல் வைத்தாள். “இன்னிக்கு நீ எதுனா சொன்னே, அப்பறம் இந்த ஊட்ல நான் இல்ல.”

மாப்பிள்ளையின் அப்பா பிராங்க், சீர்த்தட்டுகளோடு சிவப்புத் துணியில் சுற்றிய ஒன்றையும் நீட்டினார். அவருடைய தாத்தா டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் சண்டை போட்டுவிட்டுக் கொண்டுவந்ததாம்.

“டச்சு பயனெட்டு சம்பந்தி. உங்களுக்குன்னே எடுத்து வச்சேன். பாத்து சொல்லுங்க.”

பழக்கதோஷம், கைக்குட்டையால் பிடிக்குக் கீழே தேய்த்துவிட்டார். பளிச்சென்று தெரிந்தது முத்திரை. பிரிட்டிஷ்காரன் வங்காளத்து ஈஷாப்பூர் ஆயுத ஆலையில் அடித்தது. ரோஸி கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். ஷைலா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒல்லாந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

“அசல் டச்சு, சம்பந்தி” என்றார்.

பிராங்குக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் இழுத்துவந்து போட்டோவுக்கு நிற்கவைத்தார். நடுவில் பயனெட்டை உயர்த்திப் பிடித்து நின்ற அந்தோணிராஜ், கடைசிப் படம் எடுத்து முடியும்வரை, முத்திரை மேல் அழுத்தியிருந்த கட்டைவிரலை எடுக்கவேயில்லை.