முதுகில் ஒரு சதுரம்

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனை. அங்கே ரத்தக்குழாய் சிகிச்சை அறையில் எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்குவது என் வேலை. மருத்துவர் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்துக் கல்லீரல் வரைக்கும் கொண்டுபோவார். அது எங்கே போகிறது என்று எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் தாதியும் ஈய அங்கி போட்டு நிற்பார்கள். நான் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருப்பேன். கதிர் பாயும்போது எந்த மறைப்பும் இல்லாமல் இருப்பவர் மேசையில் படுத்திருப்பவர் மட்டும்தான்.

சென்ற ஆண்டு ஒரு அக்கா வந்தார். வயது அறுபத்து நான்கு. மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்லீரலில் இருந்த கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைக்க வேண்டியிருந்தது.

"நான் சொல்றப்ப மூச்ச பிடிச்சுக்கங்கக்கா" என்றேன்.

"நீ எங்கம்மா நிப்ப?"

"கண்ணாடிக்குப் பின்னால. என் குரல் கேக்கும்."

"அப்ப இங்க நான் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தோம். அவருடைய ரத்தக்குழாய்கள் வளைந்து நெளிந்து கிடந்தன. நாலு மணி நேரம் ஆனது. தோலில் எவ்வளவு கதிர் விழுகிறது என்று இயந்திரம் கணக்குக் காட்டும். அளவு ஏற ஏற உரக்கச் சொல்வது என் கடமை. நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் கதிரின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினார், படங்களைக் குறைத்தார். மூன்றாவது முறை சொன்னபோது கையை நிறுத்தித் திரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் விட்டுவிட்டால் கட்டி அப்படியே இருக்கும். "இன்னும் கொஞ்சம்தான்" என்றார். கட்டிக்கு ரத்தம் போவது நின்றது. கணக்கு, நோயாளியிடம் சொல்லியே ஆகவேண்டிய அளவைத் தாண்டியிருந்தது.

மறுநாள் மருத்துவரே வார்டுக்கு வந்து மலாயில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். மேசைக்கு அடியிலிருந்து கதிர் வந்ததால் முதுகில் சிவக்கலாம், அரிக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்.

"வீட்ல யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்கக்கா. வலது தோளுக்குக் கீழ."

"யாரு பாக்கறது? ஃப்ளாட்ல நான் தனியாத்தான் இருக்கேன்."

"பக்கத்து வீட்ல?"

"அவங்க சீனவங்க, நல்லவங்கதான். அதுக்காகப் போயி சட்டையத் தூக்கிக் காட்ட முடியுமாலா?"

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அறிவுரைத் தாளை எடுத்து நீட்டினேன். அந்தத் தாளில் 'குடும்பத்தினர் கவனிக்கவும்' என்று அச்சடித்திருந்தது. எத்தனையோ பேருக்கு அதைக் கொடுத்திருக்கிறேன். கெலுகோரில் நானும் ஒரு அடுக்குமாடியில் தனியாகத்தான் இருக்கிறேன். அந்த வரி ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

மூன்றாவது வாரம் வரச் சொல்லியிருந்தோம். வரவில்லை. போன் செய்தேன்.

"நல்லாத்தான் இருக்கேன்மா. கொஞ்சம் வேர்க்குரு. அதுக்குப் போயி உங்களத் தொந்தரவு பண்ணணுமா?"

வேர்க்குரு என்ற சொல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். "நீ போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?" என்றார். அடுத்த விடுமுறை நாள் காலையில் போனேன்.

கதவைத் திறந்தவர், மருத்துவமனை உடுப்பு இல்லாததால் என்னை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. குரலைக் கேட்ட பிறகுதான் சிரித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். வலது தோளுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. விளிம்புகள் நேர்கோடுகள், நான்கு மூலைகள். வேர்க்குரு சதுரமாக வராது. நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சதுரமாகக் குறுக்கிக் கொடுத்த கதிரின் வடிவம் அது. நடுவில் தோல் லேசாக உரிந்திருந்தது. அரிப்புத் தாங்காமல் அகப்பைக் காம்பால் சொறிந்திருக்கிறார்.

"ரொம்ப மோசமா?"

"ஆறிடும்கா. ஆனா இனி சொறியக்கூடாது." விரலால் அதன் ஓரத்தை மெல்லத் தொட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "முதுக யாரும் தொட்டு எத்தன வருஷமாச்சுன்னு யோசிச்சேன். ஞாபகம் வரல" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை.

அன்றே காரில் கூட்டிப்போய்த் தோல் மருத்துவரிடம் காட்டினேன். களிம்பு கொடுத்தார்கள். அதைத் தானாகப் பூசிக்கொள்ள அவர் கைக்கு எட்டாது. வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து நான் போய்ப் பூசினேன். மற்ற நாட்களில், நீண்ட யோசனைக்குப் பிறகு, பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியைக் கேட்டிருக்கிறார். அந்தம்மா ஒரு நாளும் தவறவில்லையாம்.

பூசி முடித்ததும் "சாப்டுட்டுப் போறியா?" என்று கேட்பார். "வீட்ல வேல இருக்குக்கா" என்பேன். வீட்டில் எனக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. வழியில் மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கிப் போய், மேல்மாடி மாணவர்கள் நாற்காலி இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பழக்கம்தான் போலிருக்கிறது.

நாலு மாதத்தில் புண் ஆறிப் பழுப்புத் தழும்பானது. கட்டியின் மிச்சத்துக்கும் அதே சிகிச்சை செய்ய அவர் மறுபடி வந்தபோது, அந்தச் சதுரத்தின் ஓரத்தைப் பேனாவால் தோலில் வரைந்துவைத்தேன். மருத்துவர் அதன்மேல் கதிர் படாத கோணமாகப் பார்த்துப் பார்த்துப் போனார். இந்த முறை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தோலில் ஒன்றும் வரவில்லை.

இனி நான் போகக் காரணம் இல்லை. மூன்று வாரம் போகாமல் இருந்தேன். நாலாவது ஞாயிறு, லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு, போன்கூடச் செய்யாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"அதுக்கு வரலக்கா" என்றேன்.

திரும்பி என் கையில் இருந்த பையைப் பார்த்தார். "சரி, உள்ள வா. வெண்டக்கா நல்லா இருக்கே" என்று வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.